சேவலா, பேடா: ஊர்க்கோழிக் குஞ்சுகளை இனங்காணும் முறை

அடைக்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுடன் வளவில் இறங்கியதும் வீட்டில் எழும் முதற் கேள்வி, இவற்றில் பேடு எத்தனை என்பதுதான். மட்டக்களப்பின் ஆரையம்பதியிலும் அப்படித்தான், வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனாலும் அப்படித்தான். வீடு தேடி வரும் வியாபாரிக்கு இளஞ்சேவல் என்று நினைத்துப் பேட்டைக் கொடுத்துவிட்டால், வருடக்கணக்கில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருக்கக்கூடிய ஒரு கோழியை இறைச்சி விலைக்கு இழந்துவிடுகிறோம். ஆகவே அவசரப்படாமல், குஞ்சின் வயதுக்கேற்ற அடையாளத்தை அந்தந்த வயதில் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

பொரித்த அன்றே ஊர்க்கோழிக் குஞ்சின் பாலைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய குஞ்சு பொரிப்பகங்களில் அதே நாளில் பிரிக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே ஒரு முறை, குஞ்சின் கழிவுத் துவாரத்தை மெல்ல விரித்து உள்ளே இருக்கும் சிறு புடைப்பைப் பார்ப்பதாகும். 1920களில் யப்பானிய ஆய்வாளர்கள் வகுத்த இந்த முறைக்கு நீண்ட பயிற்சி வேண்டும். பழகாத கை அழுத்தினால் குஞ்சின் குடல் சேதமடையும், எனவே வீட்டில் முயலவே கூடாது. இன்னொரு முறையில் நிறத்தைப் பார்க்கிறார்கள். றோட் ஐலண்ட் றெட் சேவலையும் லைட் சசெக்ஸ் பேட்டையும் சேர்த்தால், சேவல் குஞ்சுகள் வெளிர் மஞ்சளாகவும் பேட்டுக் குஞ்சுகள் செம்பழுப்பாகவும் பிறக்கும். தாய் தந்தை இரண்டின் இனமும் உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இது பொருந்தும். பல தலைமுறையாக வளவுக்கு வளவு கலந்து வந்த நம் கோழிகளில் குஞ்சின் நிறம் எதையும் உறுதிப்படுத்தாது.

நீள முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பேடாகும் என்ற நம்பிக்கையும், முட்டையின் மேல் நூலில் ஊசியைத் தொங்கவிட்டு அது ஆடும் திசையைப் பார்க்கும் வழக்கமும் உண்மைக்குப் பொருந்துவதில்லை. கோழி இனத்தில் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாய்தான். சேவலிடம் ஒரே வகைப் பால் நிறமூர்த்தம் இரண்டு இருக்க, பேட்டிடம் இரு வெவ்வேறு வகைகள் உள்ளன. இவற்றில் எது முட்டைக்குள் சென்றது என்பது ஓட்டின் வடிவத்தில் தெரியாது. பல அடைகளைச் சேர்த்துப் பார்த்தால் பாதிக்குப் பாதி என்றே வரும்.

முதல் வேலையாகக் குஞ்சுகளுக்கு அடையாளம் இடுங்கள். கால் நகத்தில் நீலம் அல்லது பச்சைக் கியூட்டெக்ஸ் தடவி, மங்கியதும் புதுப்பித்தால் போதும். சிவப்பைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் சிவப்பு நிறத்தை மற்றக் குஞ்சுகள் கொத்தக்கூடும். நூல் கட்டுவதானால் கிழமைக்கு ஒரு தடவை தளர்த்த வேண்டும். கால் விரைவாகப் பருப்பதால் நூல் தோலுக்குள் இறங்கிவிடும். ஒப்பிடும்போது ஒரே அடையில் பொரித்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள், வயது சில நாள் பிந்தினாலும் கணிப்புத் தவறிவிடும்.

மூன்று முதல் ஐந்து கிழமைக்குள் முதற் குறிப்புக் கிடைக்கிறது. பேட்டுக் குஞ்சுக்கு வாலும் முதுகும் பெரும்பாலும் முந்தி இறகேறும். சேவல் குஞ்சு கட்டை வாலுடனும், தோளிலும் முதுகிலும் திட்டுத் திட்டாக வெறுமையுடனும் நிற்கும். கால்களும் சற்றுத் தடித்திருக்கும். இதை ஊகமாக மட்டுமே குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் கிழமைக்கும் எட்டாம் கிழமைக்கும் இடையில் கொண்டை பேசத் தொடங்குகிறது. சேவலின் கொண்டையும் தாடியும் முந்திப் பெருத்துச் சிவக்க, பேட்டின் கொண்டை சிறிதாகவும் வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். என் வளவில் ஒரு முறை, கொண்டை முந்திச் சிவந்தது என்ற ஒரே காரணத்தால் ஏழு கிழமைக் குஞ்சு ஒன்றைச் சேவல் என்று முடிவுகட்டி அயல் வீட்டுக்கு விற்றேன். ஆறாம் மாதத்தில் அது அங்கே முட்டையிட்டது. சில பேடுகளுக்குப் பரம்பரையாகவே பெரிய கொண்டை உண்டு. மாறாக, அசில் என்னும் சண்டைக்கோழி இனம் கலந்த கோழிகளில் கொண்டை மூன்று தாழ்ந்த வரிசைகளாகத் தலையோடு ஒட்டியிருப்பதால், சேவலுக்குக்கூட அது சிறிதாகவே தெரியும்.

நான் முழுதாக நம்பும் அடையாளம் இடுப்பு இறகு. வால் தொடங்கும் இடத்துக்கு முன்பாக, முதுகின் இரு பக்கமும் சரிந்து தொங்கும் இறகுகளே அவை. பத்தாம் கிழமைக்குப் பின் சேவலுக்கு இவ்விடத்தில் ஒடுங்கி நீண்ட, முனை கூரிய, பளபளப்பான இறகுகள் முளைக்கத் தொடங்கும். பேட்டின் இறகு அகன்று, முனை வட்டமாகவே இருக்கும். மெதுவாக வளரும் குஞ்சுகளில் இது பதினான்காம் கிழமை வரை பிந்தலாம். பகலில் துரத்திப் பிடித்தால் குஞ்சு வெருண்டு இறகு கொட்டும். இருட்டியபின் கூட்டில் அடைந்ததும் அமைதியாக எடுத்து, செட்டைகளை உடம்போடு அணைத்துப் பிடித்து, டோர்ச் வெளிச்சத்தில் அந்த இறகை விரலால் நிமிர்த்திப் பாருங்கள். பழைய மென்னிறகுகளுக்கிடையே இரண்டு மூன்று கூர் இறகுகள் புதிதாக எட்டிப்பார்த்தாலே போதும், அது சேவல். கழுத்து இறகிலும் இதே வேறுபாடு உண்டு என்றாலும் அது அவ்வளவு தெளிவாக இராது. கழுத்தில் இறகே இல்லாத கோழிகளில் இடுப்பைத்தான் பார்க்க வேண்டும். இறகு சுருண்டு சிலிர்த்த கோழிகளில் முனையின் வடிவம் எளிதில் பிடிபடாது. அவற்றில் வாலில் வளைந்த நீண்ட இறகு வரும்வரை பொறுத்திருங்கள்.

கூவுதல் உறுதியான அடையாளமே. எனினும், வலிய சேவல் ஒன்று வளவில் இருந்தால் இளையவை பல மாதம் கூவாமல் அடங்கியிருக்கும், ஆகவே கூவாததால் பேடு என்று முடிவு செய்யாதீர்கள். மார்பை நிமிர்த்தி ஒன்றோடொன்று மோதுவதைப் பேட்டுக் குஞ்சுகளும் செய்யும். காலின் முள் மிகப் பிந்தியே வளரும். வயதான பேடுகள் சிலவற்றுக்கும் அது உண்டு.

நான்காம் மாதத்திலும் ஐயம் தீராத குஞ்சு ஒன்று இருந்தால், அதை விற்பனைக்குப் பிரிக்காமல் பேடுகளோடு விட்டுவையுங்கள். இன்னும் ஒரு மாதம் அது தின்னும் குறுணலும் தவிடும் ஒரு முட்டைக்கோழியை இழப்பதைவிடக் குறைந்த செலவுதான்.