ஷார்ட் ஷிஃப்டர்: மாட்டுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

வட சென்னையில் சாயங்காலம் ஆறரை மணிக்கு மூலக்கடையைத் தாண்டி மாதவரம் பக்கம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. இடது கை கியர் ராடை விட்டு இறங்கவே இறங்காது. ராடு போகிற தூரம் கொஞ்சம் குறைந்தால் தேவலை என்று தோன்றும். அந்தத் தூரத்தைக் குறைக்கும் பாகமான ஷார்ட் ஷிஃப்டரை வாங்குகிற ஆசை அங்கேதான் பிறக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் போட்டுவிட்டு நொந்துகொள்கிறவர்களிடம் பேசிப் பார்த்தால், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே தப்பு நடந்திருக்கும்.

கியர் ராடு ஒரு நெம்புகோல். கீழே பந்து மாதிரி ஒரு இடத்தில் சுழல்கிறது. ஷார்ட் ஷிஃப்டரில் அந்தப் பந்துக்குக் கீழே உள்ள பகுதி நீளமாக இருக்கும். ராடையும் கியர் பெட்டியையும் கேபிள் இணைக்கும் சில கார்களில் ராடைத் தொடாமல், கியர் பெட்டியின் மேல் கேபிள் வந்து மாட்டும் கையை மட்டும் சின்னதாக மாற்றுவார்கள். எப்படிச் செய்தாலும் கணக்கு ஒன்றுதான். பிடி 12 செ.மீ. நகர்ந்த இடத்தில் 8 செ.மீ. நகர்ந்தால் போதும் என்றால், கை கொடுக்க வேண்டிய பலம் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். உள்ளே ஏற்கெனவே இறுக்கம் இருந்தால் அதுவும் ஒன்றரை மடங்காகக் கைக்கு வரும்.

அதனால்தான் சொல்கிறேன்: "கியர் சரியா விழல, ஷார்ட் ஷிஃப்டர் போட்டா சரியாயிடும்" என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். நிறுத்தியிருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், ரிவர்ஸ் போடும்போது கர்ரென்று அரைத்தால், முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச். அது முழுசாக விடவில்லை. இரண்டு நிலையிலும் கடினமாக இருந்தால் முதல் சந்தேகம் கேபிள், புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையம்) மேல்.

நம்ம பக்கத்து வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று சின்னச் சின்ன கிளிப்பையும் பின்னையும்கூட விடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டி என்றால், கேபிள் உறைக்குள் துரு பிடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெளியே துடைத்து வைத்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு முனையையும் கழற்றி, கேபிளை மட்டும் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். சொரசொரவென்று மணல் உரசுகிற மாதிரி இருந்தால் புது கேபிளுக்குத்தான் முதல் செலவு. புது கேபிள், புது புஷ் போட்டபின் ஷார்ட் ஷிஃப்டர் ஆசையே போய்விட்ட வண்டிகள் உண்டு.

அடுத்தது, பழைய ராடை லேத் பட்டறையில் கொடுத்து வெட்டி ஒட்டவைப்பது. மேலே வெட்டினாலும் தூரம் குறையும், உண்மைதான். ஆனால் பிடி கீழே இறங்கி, கை தேடித் தேடிப் போகும். வெல்டு விட்டுப்போனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் இரண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவே ராடு கையோடு வந்துவிடும். உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது. உங்கள் வண்டி மாடலுக்கென்று செய்த கிட் கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள்.

கழற்றும்போது நடப்பதில் எனக்கு நேரில் தெரிந்த ஒன்று. என் வண்டியில் கேபிள் முனை வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம்; உள்ளே ஒரு இரும்புப் பந்து போய் அமரும். பட்டறைப் பையன் ஒருவன் ஒரே பக்கமாக ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினான். "டக்" என்று கழன்றது. திரும்ப மாட்டும்போதும் "டக்" என்றது. கிண்ணத்தின் விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல், யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் வியாசர்பாடி சுரங்கப்பாதை ஏற்றத்தில் ராடு இரண்டு பக்கமும் தொளதொளவென்று ஆடியது, ஒரு கியரும் விழவில்லை. இரண்டு பக்கமும் சமமாக நெம்ப வேண்டும். கழற்றியதும் டார்ச் அடித்து விளிம்பைப் பார்க்க வேண்டும். கழற்றிய சர்க்ளிப்பை (பாகம் நழுவாமல் பிடிக்கும் ஸ்பிரிங் வளையம்) மறுபடி போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

மாட்டி முடித்ததும் நேராக ரோட்டுக்கு எடுத்துப்போவது இன்னொரு தவறு. கேபிள் நீளத்தைச் சரிசெய்யாவிட்டால் கியர் பாதிதான் உள்ளே போய் உட்காரும். ஓட்டும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் நியூட்ரலுக்கு வந்து விழும். உள்ளே பல் முனைகள் தேயும். ஒவ்வொரு கியரிலும் ராடு கடைசிவரை போய் நிற்கிறதா, ராடைச் சுற்றியுள்ள கன்சோல் விளிம்பில் முட்டுகிறதா, தோல் உறை இழுத்துப்பிடிக்கிறதா என்று, உறை போடாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை பாருங்கள். பிடிக்குக் கீழே வளையத்தைத் தூக்கி ரிவர்ஸ் போடும் வண்டியானால், அழகுக்காக வேறு பிடி மாட்டி அந்த வளையத்தை முடக்கிவிடாதீர்கள்.

நிறைய கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி கன்சோலுக்கு அடியில்தான் இருக்கிறது. சாவியை ஆன் செய்து வைத்துக்கொண்டு அங்கே சுத்தியலால் தட்டக்கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டிப் புத்தகம் சொல்கிற நேரம் காத்திருங்கள். கேபிளைக் கழற்றிய பிறகு "கியரில்தானே நிக்குது" என்று நம்பவும் முடியாது. ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம், ஸ்டாண்டு கட்டாயம்.

கியர் ஆயிலையும் சேர்த்து மாற்றுகிறவர்கள் "ஜிஎல்-5தான் உசத்தி" என்று அந்த வகை ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் அது பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. புத்தகத்தில் உள்ளதையே ஊற்றுங்கள். ராடு தூரம் குறைந்தாலும் அந்த வளையம் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்க எடுக்கிற நேரம் குறையாது. முன்னைப்போலவே ஒரு கணம் விட்டுத் தள்ளுங்கள். வெடுக்கென்று அடித்தால் இரண்டாவது கியர்தான் முதலில் அரைக்க ஆரம்பிக்கும்.

கழற்றிய பழைய ராடு, புஷ், நட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டி, வண்டி நம்பர் எழுதி வையுங்கள். வாரண்டியில் உள்ள வண்டியை சர்வீசுக்கு விடும்போதும், விற்கும்போதும் அந்தக் கவர் தேவைப்படும்.