லினக்ஸ் நிறுவல் நின்றுபோனால் எங்கிருந்து சரிபார்ப்பது?

லினக்ஸ் நிறுவல் தோற்றுப்போனதும், அதே பென் டிரைவை வைத்துக்கொண்டு அதே வழியில் மறுபடியும் முயல்வதால் பெரும்பாலும் பயனில்லை. கணினி எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவிலிருந்து தொடங்கவே இல்லையா, தொடங்கியபின் திரை கறுத்துவிட்டதா, நிறுவும்போது டிஸ்க் தெரியவில்லையா, எல்லாம் முடிந்தும் விண்டோஸே வருகிறதா என்பதைப் பொறுத்துத்தான் காரணம் அமையும். விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ சேர்த்து நிறுவுவதாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவைப்பது கட்டாயம், ஏனெனில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும், கணினியின் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் கைவைத்த பிறகு விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

பென் டிரைவிலிருந்து கணினி தொடங்கவில்லை என்றால், பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பின் (லினக்ஸ் நிறுவல் கோப்பு) எஸ்எச்ஏ256 மதிப்பு (கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று காட்டும் எழுத்து-எண் கோவை), உபுண்டு அல்லது மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் மதிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோப்பைப் புதிதாக இறக்க வேண்டும். ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் போதாது. ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பை அணைத்துவிடுமாறு பலரும் சொல்வார்கள். இவ்விரண்டு லினக்ஸ்களும் அது இயங்கும்போதே தொடங்கக்கூடியவை என்பதால் அதை முதல் வேலையாகச் செய்யத் தேவையில்லை. ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் பழைய ஐஎஸ்ஓக்கள் சில ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று காட்டி நின்றுவிட்டன. அச்செய்தி வந்தால் அண்மைய ஐஎஸ்ஓவைப் பயன்படுத்துங்கள்.

திரை கறுத்துப்போவதற்குப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் அட்டையே, குறிப்பாக என்விடியா அட்டையே காரணம். கிரப் எனும் தொடக்கப் பட்டியல் தோன்றும்போது ‘e’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, ‘லினக்ஸ்’ (linux) என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, ‘நோமோட்செட்’ (nomodeset) என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்து, எஃப்10 விசையை அழுத்துங்கள். நிறுவிய பின் முதல் முறை தொடங்கும்போதும் இது தேவைப்படலாம். உள்ளே நுழைந்ததும் என்விடியா டிரைவரை நிறுவிக்கொண்டால் பிறகு தேவையிருக்காது.

புதியவர்களை மிகவும் குழப்புவது டிஸ்க் தெரியாத நிலைதான். டிஸ்க் பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். டிஸ்க்குகளைக் கையாளும் இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி அமைப்பு அதை லினக்ஸிடமிருந்து மறைத்திருக்கலாம். பயாஸில் அந்த அமைப்பை ஏஎச்சிஐ என்ற பொதுவான டிஸ்க் முறைக்கு மாற்றினால் டிஸ்க் தெரியும், ஆனால் முன்னேற்பாடின்றி மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும். ஆகவே முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பூட் பகுதியில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுத்து, மறுதொடக்கத்தின்போது நேராகப் பயாஸுக்குள் சென்று ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் திறந்து புதிய முறைக்குரிய டிரைவரை ஏற்றுக்கொண்ட பின் அந்தத் தேர்வை நீக்கிவிடலாம். சேஃப் மோடில் விண்டோஸுக்குள் நுழையும் பின் (PIN) எண் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். நீலத்திரை வந்துவிட்டாலும் பயாஸில் பழைய அமைப்புக்குத் திரும்பினால் விண்டோஸ் வழக்கம்போலத் திறக்கும்.

நிறுவல் முடிந்தும் விண்டோஸே வந்தால், பயாஸின் பூட் வரிசையில் ‘உபுண்டு’ என்ற பெயரை மேலே கொண்டுவாருங்கள். மின்ட்டும் அங்கே அப்பெயரிலேயே தோன்றும். அப்பெயரே இல்லையென்றால், பென் டிரைவை யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் தொடங்காமல் பழைய லெகசி முறையில் தொடங்கி நிறுவியிருக்க வாய்ப்புண்டு. யூஇஎஃப்ஐ முறையில் பென் டிரைவைத் தொடங்கி, மின்ட்டின் நேரடி அமர்விலேயே (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும் நிலை) இருக்கும் பூட் ரிப்பேர் கருவியை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதற்கும் தீரவில்லையென்றால், அந்தக் கருவி உருவாக்கித் தரும் அறிக்கையையும், மடிக்கணினியின் மாடல் பெயரையும், திரையில் வந்த பிழைச் செய்தியின் படத்தையும் சேர்த்து அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.