பெர்லின் நாடாளுமன்றக் குவிமாடத்தில் ஏறுவது எப்படி: பதிவு செய்வதிலிருந்து உச்சி வரை

பெர்லினுக்குப் போகிற நம் ஆட்கள் பிராண்டன்பர்க் வாசல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் ரைக்ஸ்டாக் கட்டடம் இருக்கிறது. ஜெர்மன் நாடாளுமன்றமான புண்டஸ்டாக் கூடுகிற இடம் அதுதான். பலர் அதை எதிரே உள்ள புல்வெளியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உச்சியில் தெரியும் கண்ணாடிக் குவிமாடத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஏறலாம். கட்டணமே கிடையாது. ஆனால் பெயர் பதிவு செய்யாமல் வாசலுக்குப் போனால் உள்ளே விடமாட்டார்கள்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை பெயரைப் பதிவு செய்ததில் நான் செய்த தவறால் வாசலிலேயே நிற்க வேண்டி வந்தது. இரண்டாம் முறை அம்மாவோடு போனேன், எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதைப் பார்ப்பது?

பதிவுப் பக்கத்தில் நுழைந்ததும் பல வகை வருகைகள் இருக்கும். குவிமாடம் மட்டும் பார்ப்பது ஒன்று. நாடாளுமன்ற அவை கூடாத நாளில் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, அவை எப்படி நடக்கிறது என்று 45 நிமிட விளக்கம் கேட்பது இன்னொன்று. வழிகாட்டியோடு கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க 90 நிமிடம் ஆகும். அவை கூடும் நாளில் விவாதத்தையே நேரில் கேட்கவும் வழி உண்டு.

முதல் முறை போகிறவர்கள் குவிமாடத்தையே தேர்ந்தெடுங்கள். 45 நிமிட விளக்கம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடக்கும், அந்த மொழி தெரியாவிட்டால் பயனில்லை. ஆனால் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு வழிகாட்டியோடு போகும் சுற்றுதான் சிறந்தது. 1945-இல் பெர்லினைப் பிடித்த சோவியத் வீரர்கள் கரியாலும் சாக்குக்கட்டியாலும் தங்கள் பெயர்களையும் ஊர்களையும் சுவரில் எழுதிவைத்தார்கள். கட்டடத்தைப் புதுப்பித்தபோது அந்த எழுத்துகளில் பலவற்றை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். குவிமாடத்துக்கு மட்டும் போகிறவர்களை லிஃப்டில் நேராக மேலே அழைத்துப் போய்விடுவதால் அதைப் பார்க்க முடியாது.

பதிவு

புண்டஸ்டாக்கின் அதிகாரபூர்வ தளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். எந்தத் தளமாவது குவிமாடத்தின் நுழைவுக்கு மட்டும் பணம் கேட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். நாடாளுமன்றம் யாரிடமும் நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை.

பயணத் தேதி உறுதியானதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். கோடைக்காலத்தில் நல்ல நேரங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். குவிமாடம் காலை 8 மணிக்குத் திறந்து நள்ளிரவு வரை இருக்கும். உள்ளே போகக் கடைசி நேரம் இரவு பத்து மணிக்குச் சற்று முன்னால்.

எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது? சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. இதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. வெளிச்சத்தில் ஊரைப் பார்க்கலாம், மேலே நிற்கும்போதே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும். ஆனால் நம் ஊர்க் கணக்கில் மாலை ஆறு மணி என்று வைத்துவிடாதீர்கள். பெர்லினில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். உங்கள் தேதிக்கு சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

படிவத்தை போனில் நிரப்பாமல் கணினியில் நிரப்புவது நல்லது. நான்கைந்து பேருடைய பெயரையும் பிறந்த தேதியையும் சின்னத் திரையில் தட்டினால் ஒரு எழுத்தாவது மாறும். தானாகத் திருத்தும் வசதி நம் பெயர்களை வேறு ஏதோ சொல்லாக மாற்றிவிடும்.

பெயர்: நான் தடுக்கி விழுந்த இடம்

இந்தப் பகுதிக்காகத்தான் முழுப் பதிவையும் எழுதினேன், நிதானமாகப் படியுங்கள்.

படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். ஐரோப்பியர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. நமக்கோ ஒரே பெயர்தான், முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. முதல் முறை போனபோது குடும்பப் பெயர்க் கட்டத்தில் வெறும் இனிஷியலைப் போட்டேன். அலுவலகத்தில் எல்லாப் படிவத்திலும் அப்படித்தான் போடுவேன், பழக்கம். பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் முழுப் பெயர் இருக்கிறது.

வாசலில் ஒருவர் கையில் பட்டியலை வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை வாங்கிப் பெயரையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அப்பா பெயரைப் பார்த்துத் தேடினார், இல்லை. என் பெயரைத் தேடினார், அதுவும் அகப்படவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒற்றை எழுத்தாக நின்ற என் இனிஷியலை நானே விரலால் தொட்டுக் காட்டினேன். பிறந்த தேதி பொருந்தியதால் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். என் தவறுக்கு அவர் பொறுமையாக இருந்தார். எல்லா நாளும் அப்படி நடக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

எனவே படிவத்தை நிரப்பும்போது பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். அதில் குடும்பப் பெயர் வரியில் என்ன இருக்கிறதோ அது முதல் கட்டத்துக்கு, சொந்தப் பெயர் வரியில் என்ன இருக்கிறதோ அது இரண்டாவது கட்டத்துக்கு. வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் உள்ள பெயர், முகநூலில் போட்டிருக்கும் பெயர் எதுவும் வேண்டாம். அப்பா பெயர் சொந்தப் பெயரோடு ஒரே வரியில் சேர்ந்திருந்தால், அதைப் பிரிக்காமல் அப்படியே எழுதுங்கள்.

குடும்பப் பெயர் வரி காலியாக இருந்தால்? அம்மாவின் பாஸ்போர்ட் அப்படித்தான், ஒரே பெயர், மேல் வரி வெறுமை. நான் அந்த ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதினேன். வாசலில் யாரும் கேள்வி கேட்கவில்லை. புள்ளியும் கோடும் போட்டுக் கட்டத்தை நிரப்புவதைவிட இது பாதுகாப்பானது, ஏனென்றால் பட்டியலில் எந்தப் பெயரால் தேடினாலும் கண்ணில் படும்.

குழந்தைகள் பெயரையும் சேர்க்க வேண்டும். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.

(பிற்சேர்க்கை: கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைப் பழக்கத்தில் எழுதிவிட்டதாக இரண்டு பேர் பின்னூட்டத்தில் சொன்னார்கள். பாஸ்போர்ட்டில் இன்னும் அப்பா பெயர் இருந்தால் அப்பா பெயரைத்தான் எழுத வேண்டும்.)

மெயில் வந்ததும் முடிந்துவிடவில்லை

பதிவு செய்தவுடன் ஒரு மெயில் வரும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று மூடிவைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது உங்கள் கோரிக்கை வந்து சேர்ந்தது என்பதற்கான மெயில். அதில் உள்ள இணைப்பைத் திறந்து, வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலை முடித்துக்கொடுக்க வேண்டும். அப்புறம் நாளும் நேரமும் குறிப்பிட்டு உறுதிக் கடிதம் தனியாக வரும். அந்தக் கடிதம்தான் நுழைவுச் சீட்டு. சில நாளில் வராவிட்டால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். ஜெர்மன் மொழியில் தலைப்பு இருந்தால், தெரியாத மெயில் என்று அழித்துவிட வேண்டாம்.

கடிதத்தை போனில் சேமித்து வைக்கலாம். நான் தாளிலும் ஒரு பிரதி எடுத்துவிடுவேன். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், வரிசையில் நிற்கும்போது இணையமும் கிடைக்க வேண்டும் என்பதில்லை. தாளில் அந்தக் கவலை இல்லை.

பதிவு செய்யாமலேயே பெர்லின் போய்ச் சேர்ந்துவிட்டீர்களா? கட்டடத்தின் தெற்கே உள்ள ஷைடமன் தெருவில் பார்வையாளர் சேவை மையம் இருக்கிறது. மிச்சம் இடம் இருந்தால் குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்தோ அடுத்த இரண்டு நாளுக்குள்ளோ ஒரு நேரம் தருவார்கள். காலையில் முதல் வேலையாக, பாஸ்போர்ட்டோடு போங்கள். பெரிய குடும்பமாக வந்தவர்கள் இதை நம்ப வேண்டாம்.

போகும் நாள்

யு5 மெட்ரோவில் புண்டஸ்டாக் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. 100-ஆம் எண் பஸ்ஸும் வருகிறது. என்னைக் கேட்டால் பெர்லின் தலைமை ரயில் நிலையத்திலிருந்து ஸ்ப்ரீ ஆற்றைக் கடந்து நடந்தே வாருங்கள்.

குறித்த நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் வாசலில் இருக்க வேண்டும். விமான நிலையம் போலவே பை, பெல்ட், சட்டைப் பை எல்லாம் சோதனை. பெரிய சூட்கேஸோடு போக வேண்டாம்.

நான் இன்னும் அரை மணி சேர்த்து முன்னதாகவே வரச் சொல்வேன். கட்டடத்தின் முன்னால் தென்மேற்கு மூலையில் இரும்புத் தகடுகள் வரிசையாகக் குத்திட்டு நிற்கும். பார்க்க, வண்டி நிறுத்த வைத்த தடுப்பு மாதிரி இருக்கும், அதனாலேயே பலர் கவனிக்காமல் போகிறார்கள். மொத்தம் 96 தகடுகள். நாஜிகள் கொன்ற நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான நினைவிடம், 1992-இல் வைத்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தகட்டின் மேல் விளிம்பிலும் ஒரு பெயர், கட்சி, இறந்த இடம், நாள். அம்மாவுக்கு அந்த எழுத்து புரியாது. ஒவ்வொன்றாக நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே கூட வந்தார்.

அங்கிருந்து நிமிர்ந்தால் முகப்பில் 'ஜெர்மன் மக்களுக்கு' என்ற பொருளில் பெரிய எழுத்துகள் தெரியும். கட்டடம் 1894-இல் திறந்தாலும் இந்த வாசகத்தை 1916-இல்தான் பொருத்தினார்கள். நெப்போலியனுக்கு எதிரான போர்களில் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்த எழுத்துகள் இவை.

மேலே

லிஃப்ட் கூரைத் தளத்தில் விடும். இறங்கியதும் ஒலி வழிகாட்டிக் கருவியைக் கேட்டு வாங்குங்கள், அதுவும் இலவசம். தமிழ் இல்லை, ஆங்கிலம் உண்டு. நீங்கள் நடக்கும் இடத்தை வைத்து அது தானாகவே பேசும். வேகமாக நடந்தால் ஒரு விளக்கம் முடியாமல் அடுத்தது வந்துவிடும், ஆகவே குரல் முடியும்வரை நின்று பார்த்து நகருங்கள். ஏறி முடிக்க இருபது நிமிடம் போதும்.

படி கிடையாது. சுவரை ஒட்டிச் சுழன்று ஏறும் சாய்தளம், சுமார் 230 மீட்டர். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று, எதிரே வருகிறவர்கள் இடிக்க மாட்டார்கள். முழங்கால் வலி உள்ள அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறிவிட்டார்.

நடுவில் தலைகீழ்க் கூம்பு மாதிரி ஒரு தூண் இறங்குகிறது. அதில் 360 கண்ணாடிகள். பார்ப்பதற்கு அழகுக்காக வைத்தது போல் தெரியும், ஆனால் வானத்து வெளிச்சத்தைக் கீழே உள்ள அவைக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. நேர் வெயில் உறுப்பினர்கள் கண்ணில் படாமல் இருக்க, சூரியனோடு சேர்ந்து நகரும் மறைப்பு ஒன்றும் உள்ளே இருக்கிறது. அவையின் சூடான காற்று அந்தக் கூம்பின் வழியாகத்தான் மேலே வெளியேறுகிறது. 1933 தீயும் போரும் சிதைத்த கட்டடத்துக்கு 1999-இல் இதை அமைத்துக் கொடுத்தவர் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர்.

ஏறத் தொடங்கும் முன் குவிமாடத்தின் அடியில் நின்று கண்ணாடி வழியாகக் கீழே பாருங்கள். நீலமும் ஊதாவும் கலந்த நாற்காலிகள் அரைவட்டமாகத் தெரியும். சட்டம் போடுகிறவர்கள் உட்காரும் இடம் அது. வாக்குப் போடுகிறவர்கள் அவர்கள் தலைக்கு மேலே நடக்கிறார்கள். தற்செயலாக அமைந்ததில்லை, மக்கள் மேலே இருக்க வேண்டும் என்று எண்ணியே கட்டியது. கோயில் கோபுரத்தில் யாரையும் ஏற்ற மாட்டார்கள், இங்கே எல்லாரையும் ஏற்றுகிறார்களே என்றார் அம்மா. அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தக் கண்ணாடியை விட்டு நகர மனமில்லை.

உச்சியில் உட்கார இருக்கைகள் உண்டு. கூரை நடுவில் திறந்தே இருக்கும், கோடையிலும் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

பிற்சேர்க்கை: சுத்தம் செய்வதற்காக வருடத்தில் சில நாள்கள் குவிமாடத்தை மூடுகிறார்கள். அன்றைக்கும் கூரைத் தளத்துக்கு அனுமதி உண்டு, சாய்தளத்தில் மட்டும் ஏற முடியாது. ஒரு வாசகர் இது தெரியாமல் போய் ஏமாந்ததாக எழுதியிருந்தார். மூடும் நாள்களைத் தளத்திலேயே முன்கூட்டிப் போடுகிறார்கள், தேதியைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

இன்னொருவர் மேலே உள்ள உணவகத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். அதற்கு மேசையைத் தனியாக, உணவகத்திடமே பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவிலும் எல்லாருடைய பெயரும் பிறந்த தேதியும் கேட்பார்கள், அங்கேயும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.