பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கலாமா? நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ தேர்வு நெருங்கினால் போதும், சேலத்தில் பாதி வீடுகளில் இந்தச் சண்டை நடக்கும். பிள்ளை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படிக்கும், அம்மா "பாட்டக் கேட்டுக்கிட்டே படிச்சா என்னத்த ஏறும்?" என்று கத்துவார், அப்பா மட்டும் இசை கேட்டால் மூளை வளரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்துக் காட்டுவார். மூவரில் அம்மா சொல்வதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதுவும் முழுசாக இல்லை.

அப்பா காட்டும் செய்திக்கு மூலம் 1993-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு சின்னக் கட்டுரை. ஃபிரான்சஸ் ராஷர் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 36 கல்லூரி மாணவர்களுக்கு மொசார்ட்டின் சொனாட்டா ஒன்றை 10 நிமிடம் போட்டுக் காட்டினார்கள். கேட்டு முடித்த கையோடு, காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது மாதிரியான புதிர்களை அவர்கள் சற்று நன்றாகப் போட்டார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அதில் ஒரு குழந்தைகூடக் கிடையாது, பாடம் மனதில் நிற்கிறதா என்று யாரும் பார்க்கவும் இல்லை. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்கு விஷயம் போய்விட்டது! 2001-ல் தாம்சன், ஷெல்லன்பெர்க், ஹுசைன் மூவரும் சோதித்தபோது, அந்தப் பலன் துள்ளலான இசை தந்த உற்சாகத்தாலும் நல்ல மனநிலையாலும் வந்தது என்று தெரிந்தது. ஆக, படிக்க உட்காரும் முன் பிடித்த பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு உட்காருங்கள், தப்பே இல்லை. குழந்தைக்கு மூளை வளரும் என்று கர்ப்பிணி வயிற்றில் ஹெட்போன் வைப்பது மட்டும் வேண்டாம். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் மற்ற பெண்களின் குரலைவிட, வயிற்றுக்குள்ளிருந்தே கேட்ட தாயின் குரலையே விரும்பிக் கேட்டதாக 1980-லேயே காட்டியிருக்கிறார்கள், அம்மா சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாலே போதும்.

சரி, படிக்கும்போது? இங்கேதான் அம்மா பக்கம் வலுவாக இருக்கிறது. சலாமே, பேட்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1980-களில் எண்களை வரிசையாக நினைவில் வைக்கச் சொல்லிப் பின்னணியில் பலவித ஒலிகளை ஓடவிட்டார்கள். வாய்ப்பாட்டு அதிகம் கெடுத்தது, வாத்திய இசை குறைவாக, வெறும் இரைச்சல் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. "எனக்குக் கொரியன் புரியாது, அதனால கே-பாப் கேட்கலாம்" என்பார்கள், அதுவும் செல்லாது, ஏனென்றால் புரியாத மொழிப் பேச்சும் இதேபோல் குறுக்கிடுகிறது என்று 1976-லேயே ஒரு சோதனை காட்டிவிட்டது. மாறிக்கொண்டே இருக்கும் ஒலிதான் பிரச்சினை. அம்மாபேட்டைப் பக்கம் நாள் முழுக்க விசைத்தறி ஓடும் தெருவில் பிள்ளைகள் எப்படியோ படித்துவிடுகிறார்கள் என்றால், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் சத்தம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். (காதுக்கு அது நல்லதா என்பது தனிக் கதை.) கணக்கு போட்டுப் பழகும்போது சொல் இல்லாத இசை மெதுவாக ஓடினால் பெரிய நஷ்டம் இல்லை. தமிழ்ச் செய்யுளோ உயிரியல் பெயர்களோ மனப்பாடம் செய்யும்போது எந்தப் பாட்டும் வேண்டாம்.

இன்னொரு தவறு, பாடத்தைப் பாட்டாக்கிவிட்டால் தானாக ஏறிவிடும் என்று நம்புவது. 1994-ல் வாண்டா வாலஸ் செய்த ஆய்வில், மெட்டு திரும்பத் திரும்ப வந்து பழகியபோதுதான் வரிகள் நினைவில் நின்றன. ஒரே ஒரு தடவை கேட்ட மெட்டு உதவவில்லை, குழப்பத்தான் செய்தது. அதனால் ஒவ்வொரு பாடத்துக்கும் யூடியூபில் புதுப் பாட்டாகத் தேடுவது வீண் வேலை. ஏற்கெனவே தெரிந்த தாலாட்டு மெட்டோ கும்மி மெட்டோ போதும். அப்புறம், மெட்டு காப்பது சொல்லையும் வரிசையையும்தான். தனிம அட்டவணையை ராகம் போட்டு ஒப்பிக்கிற பிள்ளையிடம் "சோடியம் ஏன் தண்ணீரில் வெடிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இந்த விஷயத்தில் கர்நாடக இசைக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்பது என் கருத்து. மற்ற ராகங்களுக்குத் தாயான 72 மேளகர்த்தா ராகங்களின் எண்ணை நினைவில் வைக்க அவர்கள் மெட்டை நம்பவில்லை, எழுத்துக்கு ஓர் எண் என்று வைக்கும் கடபயாதி முறைப்படி ராகத்தின் பெயருக்குள்ளேயே எண்ணை ஒளித்துவைத்தார்கள். மாயாமாளவகௌளையில் முதல் இரண்டு எழுத்தை எடுத்தால், 'மா' என்றால் 5, 'யா' என்றால் 1, திருப்பிப் போட்டால் 15. பெயர் தெரிந்தால் எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளலாம், ஒப்பிக்கத் தேவையில்லை.

ஆனால் அதே கர்நாடக இசையைக் கற்கும் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் என்ன செய்கிறார்கள்? டீச்சர் பாடியதைப் போனில் பதிவுசெய்து, அதையே போட்டுக் கேட்டுக் கூடவே முணுமுணுக்கிறார்கள். கூடப் பாடும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும், பதிவை நிறுத்தினால் இரண்டாவது சங்கதியிலேயே (அதே வரியைச் சற்று மாற்றிப் பாடும் இடத்திலேயே) நின்றுவிடும். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் உரைப்பகுதிகளை வைத்து இதைத்தான் காட்டினார்கள்: திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, உரையைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்களே முந்தியிருந்தார்கள். பாட்டுக்கும் அதையே செய்து பார்க்கலாம். பதிவை ஒருமுறை கேளுங்கள், நிறுத்துங்கள், சுருதிப் பெட்டியை மட்டும் போட்டுக்கொண்டு பாடுங்கள், தடுமாறிய இடத்தை மட்டும் மறுபடி கேளுங்கள். தினமும் பல்லவியிலிருந்தே ஆரம்பிக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் பல்லவி மட்டும் பளபளப்பாகிவிடும், சரணத்தில் விட்டால் மறுபடி முதலிலிருந்து வந்தால்தான் பிடிக்க முடியும். ஒருநாள் நேராகச் சரணத்தின் நடுவிலிருந்து எடுத்துப் பாருங்கள்.