சர்ச்சைக்குரிய பாரிஸ்டர் ஒருவரைப் பற்றி எழுதுவது எப்படி: டி. என். பிரிட்டை முன்வைத்து

வழக்கறிஞர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முனைவோர் பெரும்பாலும் இடறுவது ஒரே இடத்தில்தான்: அவர் நீதிமன்றத்தில் பேசியதையெல்லாம் அவருடைய சொந்தக் கருத்தாக எடுத்துக்கொள்கிறார்கள். கட்சிக்காரருக்காக வாதாடுவது தொழில். மேடையிலும் துண்டுப் பிரசுரத்திலும் சொல்வதற்கோ அவரே முழுப் பொறுப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் முறையைப் பழகிக்கொள்ள இங்கிலாந்தின் டெனிஸ் நோவெல் பிரிட் (1887–1972) மிகப் பொருத்தமானவர். குடியேற்ற நாடுகளின் விடுதலைப் போராளிகளுக்காகக் கடல் கடந்து சென்று வாதாடிய அவரே, ஸ்டாலின் காலத்து மாஸ்கோ விசாரணை நியாயமாக நடந்தது என்றும் எழுதியவர்.

முதலில் ஒரு தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் அவர் நடத்திய வழக்குகளையும் வலப்பக்கம் அவர் வெளியிட்ட கருத்துகளையும் ஆண்டு வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். பிரிட் 1909இல் பாரிஸ்டராகி 1927இல் கே.சி. (மன்னரின் மூத்த வழக்கறிஞர்) தகுதி பெற்றார், பழமைவாதக் கட்சியில் தொடங்கி, லிபரல் கட்சி வழியாகத் தொழிற்கட்சிக்கு வந்து, 1935இல் வடக்கு ஹாமர்ஸ்மித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆண்டைக் குறிக்காமல் இவருடைய கருத்து எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். ஒரு கட்சியில் இருந்தபோது சொன்னது மற்றொரு கட்சியின் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்து, எந்த வழக்கு தானாக வந்தது, எதை அவர் தேடிச் சென்றார் என்று பாருங்கள். வாடகைக் கார் நிறுத்தத்தில் முதலில் நிற்கும் கார் எந்தப் பயணியையும் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்பதுபோல, கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு பாரிஸ்டர் வழக்கை மறுக்கக் கூடாது என்பது அங்கே நெடுநாள் மரபு. 1931இல் ஹாங்காங்கில் கைதான வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின்னின் மேல்முறையீடு, குடியேற்ற நாடுகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு வந்தபோது அவருக்காக நின்றவர் பிரிட். ஹாங்காங் அரசுக்காக நின்றவரோ தொழிற்கட்சியின் இடதுசாரித் தலைவர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸ். வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஏற்ற வழக்கை மட்டும் வைத்து ஆளை எடைபோட்டால் கிரிப்ஸை ஏகாதிபத்தியவாதி என்றுதான் எழுத நேரும். ஆனால் இந்த மரபைக் காட்டி பிரிட்டின் எல்லா வழக்குகளையும் வெறும் தொழில் என்று ஒதுக்கவும் முடியாது. தெலங்கானா உழவர் எழுச்சியில் தூக்குத் தண்டனை பெற்ற கைதிகளுக்காக இந்திய உச்ச நீதிமன்றத்துக்கோ, 1954இல் தேசத்துரோக வழக்கில் சிக்கிய மாணவர்களுக்காகச் சிங்கப்பூருக்கோ போகும்படி அவரை எந்த மரபும் கட்டாயப்படுத்தவில்லை. சிங்கப்பூர் வழக்கில் அவருக்கு இளைய வழக்கறிஞராக உடன் நின்றவர், பின்னாளில் சிங்கப்பூரின் பிரதமரான லீ குவான் யூ. விடுதலையான எண்மரில் ஒருவர், பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற, தமிழ்த் தந்தைக்குப் பிறந்த எட்வின் தம்பு.

எல்லா வழக்குகளையும் சமமாக விவரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் ஆழ்ந்து படியுங்கள். நான் தேர்வது கென்யாவின் கபெங்கூரியா. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்திய மாவ் மாவ் இயக்கத்தை நடத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்ட விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவையும் ஐவரையும் 1952 இறுதியில் நைரோபிக்கு வெகு தொலைவில் இருந்த அந்தச் சிற்றூரில் விசாரித்தார்கள். பிரிட்டோடு இந்தியாவிலிருந்து சென்ற திவான் சமன் லால், ஜமைக்காவின் டட்லி தாம்சன் முதலியோரும் வாதாடினர். விசாரணை நடக்கும் விதம் நீதி மறுப்புக்குச் சமம் என்று லண்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தந்தி அடித்ததற்காகப் பிரிட் மீதே நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுக்கப்பட்டு, அவர் குற்றமற்றவர் என்று முடிந்தது. 1953 ஏப்ரலில் கென்யாட்டாவுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. முக்கிய அரசுத் தரப்புச் சாட்சியான ராசன் மச்சாரியா, தான் கைம்மாறு பெற்றுப் பொய்ச்சாட்சி சொன்னதாக 1958இல் அறிவித்தார். தீர்ப்பில் தோற்ற வழக்கைத் தோல்வி என்று மட்டும் எழுதி முடித்தால், இந்த ஐந்தாண்டுப் பின்கதை விடுபட்டுப்போகும்.

இனி வலப்பக்கத்துக்கு வாருங்கள். இங்கேதான் எழுதுபவருக்குக் கை நடுங்கும். 1936 ஆகஸ்டில் மாஸ்கோவில் பழைய போல்ஷெவிக் தலைவர்களான சினோவியேவ், காமெனெவ் உள்ளிட்ட 16 பேர் மீதான விசாரணையைப் பிரிட் நேரில் பார்த்தார். ஒப்புதல் வாக்குமூலங்களையே பெரிதும் நம்பி நடந்த அந்த விசாரணையை நியாயமானது என்று அவர் பிரசுரம் எழுதினார். 16 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்லாந்து மீதான சோவியத் படையெடுப்பை ஆதரித்ததால் 1940இல் தொழிற்கட்சி அவரை வெளியேற்றியது. இவற்றைக் கபெங்கூரியாவின் புகழால் மூடாதீர்கள். மாறாக, கபெங்கூரியாவில் அவர் எழுப்பிய கேள்விகளையே மாஸ்கோ விசாரணையிடமும் கேளுங்கள். சாட்சியம் எப்படிப் பெறப்பட்டது? குற்றம்சாட்டப்பட்டவர்களுக்குச் சுதந்திரமான வழக்கறிஞர் இருந்தாரா? அவர் அளவுகோலாலேயே அவரை அளப்பது, நம்முடைய வசைச்சொல் எதையும்விட நேர்மையானது. என் கணிப்பில் அவர் அதில் தேறவில்லை.

சான்றுகளைக் கையாளும்போது, 1965–66இல் அவர் மூன்று பகுதிகளாக வெளியிட்ட தன்வரலாற்றை, தனக்குத் தானே வாதாடும் வழக்கறிஞரின் தொகுப்புரையாகப் படியுங்கள். தேதிகளுக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. எதிரிகளின் சொல்லுக்கும் இதே கவனம் வேண்டும். ஜார்ஜ் ஆர்வெல் கம்யூனிச ஆதரவாளர்கள் என்று ஐயுற்றவர்களைக் குறித்துவைத்த ஏட்டில் பிரிட்டின் பெயரும் உண்டு. ஆனால் அது பனிப்போரின் தொடக்கக் காலத்துக் குறிப்பு. கட்சி வெளியேற்றிய பிறகும் 1945இல் ஹாமர்ஸ்மித் வாக்காளர்கள் அதிகாரபூர்வத் தொழிற்கட்சி வேட்பாளரைத் தோற்கடித்து அவரையே தேர்ந்தெடுத்தார்கள், 1950இல் கைவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1954இல் அவர் பெற்ற ஸ்டாலின் அமைதிப் பரிசையும், நைரோபியில் இன்றும் அவர் பெயரில் இருக்கும் சாலையையும் அடைமொழி எதுவும் சேர்க்காமல் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள்.