தோட்டத்து வேலியோரம் வைக்க ட்ரெயில் கேமரா வாங்கும்போது

மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகைப் பக்கம் வாழை போட்டிருப்பவர்கள் ட்ரெயில் கேமரா, அதாவது விலங்கு எதிரே வந்தால் தானாகப் படம் எடுக்கும் கேமரா, வாங்கலாமா என்று கேட்டால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். உங்கள் தோட்டத்துக்குள் வருவது எது? பன்றி என்றால் கன்றைக் கிழங்கோடு தோண்டிப் போட்டிருக்கும். முள்ளம்பன்றி அடியைக் கடித்துக் குடைந்திருக்கும். யானை வந்ததை யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்த உருப்படி, எந்த வழியாக என்பதை வைத்துத்தான் கேமராவை முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை அமெரிக்க மான் வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கேயே அரிசோனா மாநிலத்தில் 2022 முதல் வேட்டைக்கு இதைப் பயன்படுத்தத் தடை. நம் ஊரில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். பன்றியைக்கூட, 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் மட்டும்தான் சுடலாம். நமக்குக் கேமரா வேவு பார்க்க மட்டும். எத்தனை மணிக்கு, வேலியின் எந்தச் சந்து வழியாக, எத்தனை நுழைகின்றன என்று தெரிந்துவிட்டால், எங்கே கம்பி கட்டுவது, எந்நேரம் காவல் இருப்பது என்பது தெளிவாகிவிடும். அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி, வைக்கிறவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வதும் இதுதான். பன்றிக்கு வைத்தது யானையின் வாயில் வெடித்து, அது தின்ன முடியாமல் பட்டினி கிடந்து சாகிறது. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

சரி, கடைக்கு வருவோம். பெட்டியில் 36 மெகாபிக்சல், 48 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். உள்ளே படம் பிடிக்கும் சென்சார் பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான். மீதி, மென்பொருள் ஊதிப் பெரிதாக்கியது. பார்க்க வேண்டியது இரண்டு நேரக் கணக்குகள். விலங்கு எதிரே வந்ததும் எவ்வளவு வேகமாகப் படம் எடுக்கிறது என்பது ஒன்று. அரை நொடிக்குள் இருக்க வேண்டும்; அதற்கு மேல் போனால் வாலும் பின்னங்காலும்தான் கிடைக்கும். ஒரு படம் எடுத்தபின் அடுத்ததற்குத் தயாராக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது இரண்டாவது. பன்றித் தொல்லை உள்ளவர்களுக்கு இதுதான் உயிர். தாய்ப்பன்றி முன்னே நுழையும், குட்டிகள் வரிசையாகப் பின்னே வரும். கேமரா தயாராக அரை நிமிடம் எடுத்துக்கொண்டால், ஒரே ஒரு பன்றி வந்துபோனது போலப் படம் காட்டும்.

அடுத்தது இரவு வெளிச்சம். அகச்சிவப்பு விளக்கில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை. 850 தூரம் பிடிக்கும், படமும் தெளிவு. ஆனால் எரியும்போது விளக்குகள் மங்கலாகச் சிவந்து தெரியும். 940-இல் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தூரம் குறைவு. வேலிச் சந்தில் பன்றியைப் பார்க்க 940 போதும், ஐந்தாறு மீட்டர்தானே. ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் திருட்டுப் போகாமல் இருக்கவும் அதுவே நல்லது. அகலமான வண்டிப்பாதையென்றால் 850 வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் இரவுத் தூரத்தில் பாதியைத்தான் நம்பலாம்.

படத்தைக் கைப்பேசிக்கு அனுப்புகிற, சிம் போடுகிற மாடல் வேண்டுமா என்றால், ஆற்றோரத் தோட்டத்தில் சிக்னல் விடாமல் கிடைத்தால் மட்டும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி வரவழைக்காதீர்கள். அமெரிக்க மாடல்கள் பல அந்த ஊர் நிறுவனங்களின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டவை. இங்கே வாங்கினாலும் 4ஜி பேண்ட் (அலைவரிசை) 3, 5, 40 இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் 2ஜி, 3ஜி கேமராவில் ஜியோ சிம் வேலை செய்யாது.

பேட்டரிக்குச் சுருக்கமாக: ரீசார்ஜ் செய்கிற ஏஏ பேட்டரி 1.2 வோல்ட், சாதாரணமானது 1.5 வோல்ட். சில கேமராக்களில் ரீசார்ஜ் பேட்டரி போட்டால் இரவு விளக்கு மங்கிவிடும். அந்த மாடலில் அது ஓடுமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழைத் தோட்டத்துக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. விலங்கு வருவதை உணர்கிற சென்சார் வெப்பம் நகர்வதைப் பார்த்து வேலை செய்வது. வெயிலில் சூடான வாழையிலை காற்றில் ஆடினாலே அது படம் எடுக்கத் தொடங்கிவிடும். பகல் முழுக்க வெறும் இலைப்படமாக மெமரி கார்டு நிறையும். இரவில் அதே இலை விளக்குக்கு முன்னால் வெள்ளையாகப் பளிச்சிட்டு, பின்னால் நிற்கிற பன்றியை இருட்டில் தள்ளிவிடும். அதனால் கேமராவுக்கு முன் மூன்று நான்கு மீட்டருக்கு இலையும் புல்லும் இல்லாமல் வெட்டிவிடுங்கள். உணர்திறனைக் குறைத்து வைக்கிற வசதியும், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று நேரம் குறிக்கிற வசதியும் உள்ள மாடலையே வாங்குங்கள். சித்திரை வெயிலில் மண்ணின் சூடும் விலங்கின் உடல் சூடும் ஒன்றாகிவிடுவதால் பகலில் சில சமயம் தவறும், அது பழுதல்ல.

பன்றிக்கு முழங்கால் உயரத்தில் கட்டுங்கள். தடத்துக்கு நேர்குறுக்காக வைக்காமல் சாய்வாக, தடம் நீளவாக்கில் தெரியும்படி வைத்தால் கூட்டம் முழுக்கப் படத்தில் விழும். கிழக்கு மேற்கு பார்த்து வைத்தால் சூரியன் கெடுக்கும். யானைத் தடத்திலுள்ள மரத்தில் கட்டவே வேண்டாம், தும்பிக்கையால் பிடுங்கி மிதித்துவிடும்; தடத்தை விட்டுத் தள்ளி, உயரத்தில் சாய்த்துக் கட்டுங்கள். எறும்பு உள்ளே கூடு கட்டாமலிருக்க மூடியின் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பாருங்கள்.

எல்லாம் உங்கள் பட்டா நிலத்துக்குள்தான். காப்புக்காட்டுக்குள் வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். பெண்கள் குளிக்கப் போகிற, ஒதுங்கப் போகிற வழியைப் பார்த்து எந்தக் கேமராவும் இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்துத் தோட்டத்தாருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தேதியும் நேரமும் சரியாக வைத்த பிறகே கட்டுங்கள். சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போகும்போது, தேதி பதிந்த படம் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடிகிறது. அப்புறம், கார்டு எடுக்க நன்றாக விடிந்த பிறகு, சத்தம் கொடுத்துக்கொண்டு, துணைக்கு ஒருவரோடு போங்கள். இன்னொரு காலிக் கார்டைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். படத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.