சூதாட்டக்கூடம் உள்ள சொகுசு ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினால் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மூணு கட்டடத்துக்கு மேலே கப்பல் மாதிரி இருக்கே, அங்கே ஒரு நாள் தங்கலாமா?" என்பதுதான். அவர்கள் கேட்பது சிங்கப்பூரின் மரினா பே சேண்ட்ஸை. அதுவும் செந்தோசா தீவில் இருக்கும் ரிசார்ட்ஸ் வோர்ல்டும் சூதாட்டக்கூடத்தோடு 2010இல் திறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஓய்ந்ததில்லை. தாராளமாகத் தங்கலாம். என் பிள்ளைகள் நாங்கள் தங்கிய அந்த ஓர் இரவைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஆனால் பல நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துவிட்டு மனக்கசப்போடு வீடு திரும்பிய குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு நேரக் கூடாது.

முதல் சறுக்கல் அறையைப் பதிவு செய்யும்போதே நடக்கும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனியுங்கள். 500++ வெள்ளி என்றால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 550. அந்த 550க்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஆக, கையிலிருந்து போவது 599 வெள்ளி 50 காசு. ஹோட்டல் உணவகங்களிலும் பெரும்பாலும் இதே கணக்குதான். "வரியைத்தான் சாங்கி விமான நிலையத்தில் திருப்பித் தருவார்களே" என்று சுற்றுப்பயணிகள் சொல்வார்கள். அது கடையில் வாங்கி நாட்டைவிட்டு எடுத்துப் போகும் பொருளுக்கு மட்டும். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது.

அப்புறம் முன்வைப்புத் தொகை. அறைக்குள் நுழையும்போது உங்கள் அட்டையில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்பில்தான் குறையும். டெபிட் கார்டு கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே முடங்கும், அறையைக் காலி செய்த பிறகும் திரும்பி வரப் பல நாள் ஆகலாம். தஞ்சாவூரிலிருந்து வந்த என் மாமாவுக்கு ஒரு ஹோட்டலில் இப்படி ஆகி, மிச்சப் பயணம் முழுவதும் எங்களிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. அவருக்கு அது பெரிய சங்கடம். குளிர்பெட்டியில் இருப்பதைச் சும்மா எடுத்துப் பார்த்து வைப்பதும் வேண்டாம். சில சொகுசு ஹோட்டல்களில் பொருளைத் தூக்கினாலே கணக்கில் ஏறிவிடும்.

மரினா பே சேண்ட்ஸில் தங்குவதற்கு முக்கியக் காரணமே நிலத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில், 57ஆம் மாடியில் இருக்கும் நீச்சல் குளம்தான். அது ஹோட்டல் விருந்தினர்களுக்கு மட்டும். மேல்தளத்துக்குத் தனியாக நுழைவுச்சீட்டு வாங்கினால் ஊரைப் பார்க்கலாம், குளத்தில் இறங்க முடியாது. ஓர் அறை எடுத்துவிட்டு, யீஷூனிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும் அத்தை மக்களையெல்லாம் குளிக்கக் கூப்பிட்டு, வாசலில் அவர்கள் நிற்க, நாம் உள்ளே போக முடியாமல் தவிப்பது ரொம்பப் பாவம். அறையில் யார் யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவர்கள்தான் போகலாம்.

குளத்துக்கு எப்போது போவது என்பதும் முக்கியம். பலரும் மாலை வரை காத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் பிற்பகலில் இடியும் மழையும் சகஜம். மின்னல் அபாயம் என்றால் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள். இங்கே விடிவதே ஏறக்குறைய 7 மணிக்குத்தான். கொஞ்சம் முன்னதாக எழுந்து போனால் கூட்டமில்லாத தண்ணீரில் நின்றபடி சூரியோதயம் பார்க்கலாம். கொடுத்த காசில் பாதி எனக்கு அந்த அரை மணி நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டது.

செந்தோசாவில் தங்குபவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. ஹோட்டல் அறை எடுத்தால் அங்கே உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கும் போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். சலுகைத் தொகுப்பாக வாங்கினால் ஒழிய, நுழைவுச்சீட்டு தனி. பிள்ளைகளிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

சரி, சூதாட்டக்கூடத்துக்கு வருவோம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

21 வயது நிரம்பாத யாரும் உள்ளே போக முடியாது. அதனால் பிள்ளைகளை அறையிலோ நடைபாதையிலோ விட்டுவிட்டு "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறோம்" என்று இரண்டு பேரும் போகாதீர்கள். உள்ளே நேரம் போவதே தெரியாது, கூடம் 24 மணி நேரமும் திறந்திருக்கும். வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம், கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். 2019இல்தான் அது 100 வெள்ளியிலிருந்து உயர்ந்தது.

அந்த 150 வெள்ளியில்தான் வினையே தொடங்குகிறது. "கட்டியாச்சு, அதையாவது எடுத்துவிட்டுப் போவோம்" என்ற எண்ணம் வந்துவிடும். அந்தக் கட்டணம் சூதாட்டக்கூடத்தின் கல்லாவுக்குக்கூடப் போவதில்லை. டோட்டலைசேட்டர் வாரியம் என்ற அரசு அமைப்பின் வழியாகப் பொது, அறப் பணிகளுக்குப் போகிறது. மேசையில் உட்கார்ந்து அதைத் திருப்பி எடுக்க முயல்பவர் ஆரம்பத்திலேயே 150 பின்தங்கி நிற்கிறார்.

ஆட்டத்தின் கணக்கையும் பாருங்கள். ரூலெட் என்பது சுழலும் சக்கரத்தில் உருண்டை எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் 37 எண்கள். ஓர் எண்ணில் 1 வெள்ளி வைத்து அது விழுந்தால் 35 வெள்ளி லாபம். 37 சுற்றுக்கு 37 வெள்ளி வைக்கிறீர்கள், எல்லா எண்ணும் ஒரு முறை வந்தால் உங்கள் கையில் 36 இருக்கும். அந்த 1 வெள்ளி கூடத்துக்கு. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரம் என்றால் இன்னும் மோசம். இன்று நீங்கள் ஜெயிக்கலாம், அது வேறு. ஆனால் எவ்வளவு அதிக நேரம் உட்காருகிறீர்களோ அவ்வளவுக்கு இந்தக் கணக்கு உங்களைப் பிடித்துவிடும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தொலைந்தாலும் தூக்கம் கெடாத ஒரு தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு, வங்கி அட்டையை அறைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம் என்பதால் வார இறுதியில் போய்ப் பார்க்கும், இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர்த் தம்பிகளும் இருக்கிறார்கள். மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கும்போது அந்தக் கதவு அவர்களுக்கு இலவசமே இல்லை. கை நிற்கவில்லை என்று தோன்றினால், தன்னைக் கூடத்துக்குள் விடக் கூடாது என்று தானே விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டவருக்கும் அந்த வழி உண்டு. கணவரோ மகனோ சூதாட்டத்தில் வீட்டை அழிக்கிறார் என்றால் அவரை உள்ளே விடாதபடி குடும்பத்தினரே விலக்கு உத்தரவு கோரலாம். பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, மூன்று வேளையும் ஹோட்டலிலேயே சாப்பிடாதீர்கள். மரினா பே சேண்ட்ஸுக்குக் கீழேயே பேஃபிரண்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம். டௌன்டவுன் தடத்தில் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. நாங்கள் தங்கியபோது விடிகாலையில் குளித்துவிட்டு, தேக்கா சந்தையில் இட்லியும் சுடச்சுடத் தேநீரும் சாப்பிட்டுவிட்டு, அறையைக் காலி செய்யும் நேரத்துக்கு வெகு முன்பே திரும்பினோம். இரவில் செலவில்லாமல் பார்க்கவும் நிறைய இருக்கிறது. பக்கத்திலேயே கரையோரப் பூந்தோட்டங்களில் பிரம்மாண்ட மரங்களின் ஒளிக்காட்சி 7.45க்கும் 8.45க்கும், இலவசம். புல்லில் ஒரு துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். என் அம்மாவுக்கு 57ஆம் மாடியைவிட அதுதான் பிடித்திருந்தது.